ஓவியச் செல்வி அமிருதா ஷேர்கில்

மாட்டுங்கா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் அன்பர்களுக்குச் சங்கீதக் கச்சேரியும் பஜனையும் காப்பிக் கடையும் நினைவுக்கு வரும். சித்திரக் கலை அவ்வளவாக நினைவுக்கு வருவதில்லை. நம் இல்லங்களின் பூஜை அறைகளிலே ரவிவர்மா தீட்டிய லக்ஷ்மியும் சரஸ்வதியும் வீற்றிருக்கிறார்கள். அதற்குமேல் ஓவியத்தைப் பற்றி நாம் சிந்தித்தவர்கள் அல்லோம். ரயில்வே காரியாலயத்திலே இருபது ஆண்டுகளாகப் பார்சல் கணக்கும் எடைச் சீட்டும் எழுதிவரும் நமக்கு ஓவியரைப் பற்றி எழுதும் தகுதி உண்டோ என்று அன்பர்கள் ஐயுறலாம். ஐயம் நியாயமானதே. ஆயினும் ஒரு காரணம் பற்றி இவ்வாண்டு மலருக்கு இவ்வரலாற்றை எழுதத் துணிந்தோம்.

நம் குடியிருப்பிலே, நம்மோடு பணியாற்றும் நண்பர் ஒருவரின் மைந்தன் ஓவியம் பயின்று வருகிறான். சென்ற ஆண்டு ஒரு சித்திரக் கண்காட்சிக்கு இரண்டு படங்களை அனுப்பினான். இரண்டும் ஏற்கப்படவில்லை. ஏன் ஏற்கப்படவில்லை என்பதற்கு ஒரு வரியும் எழுதப்பெறவில்லை. இன்ன தேதிக்குள் படங்களை எடுத்துச் செல்லவேண்டும் என்ற குறிப்பு மாத்திரமே வந்தது. பையன் அவற்றைப் பழைய வேட்டியிலே சுற்றி, கூட்டம் குறைந்த பிற்பகல் வண்டியிலே கொண்டுவந்து கட்டிலின் கீழே தள்ளியவன், பிறகு தூரிகையைத் தொடவே இல்லை. அவன் தகப்பனார் ஒரு ஞாயிறு மாலை நம் இல்லத்துக்கு வந்தார். காப்பி ஆறும்வரை பேசாதிருந்துவிட்டு, பையனை இதை விடச் சொல்லி ரயில்வேத் தேர்வு எழுதச் சொல்லலாமா என்று கேட்டார். ஆம் என்று சொல்லவும் நமக்கு நா எழவில்லை. இல்லை என்று சொல்லவும் துணிவில்லை. அப்பொழுது அவருக்குச் சொல்லத் தொடங்கியதே அமிருதா ஷேர்கில் அம்மையாரின் வரலாறு.

இத்தகைய கண்காட்சிகள் நடைபெறும் முறையை முதலிலே சொல்லிவிடுவது நலம். சங்கம் ஒன்று ஆண்டுக்கு ஒருமுறை அறிவிப்புச் செய்யும். ஓவியர் விண்ணப்பத்தை நிரப்பி, கட்டணம் செலுத்தி, சட்டமிட்ட படங்களைக் குறித்த நாளிலே கொண்டுபோய்ச் சேர்க்கவேண்டும். பிறகு நடுவர் சிலர் கூடி அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து, இது சுவரிலே தொங்கத் தக்கது, இது தகாதது என்று பிரிப்பர். தொங்குபவற்றுள் சிலவற்றுக்குப் பதக்கமும் பணப் பரிசும் உண்டு. மாதக்கணக்கிலே வரைந்த படத்தைப் பார்க்க நடுவர்க்குக் கிடைப்பது சில நிமிஷங்களே. அனுப்புகிறவரின் நிலையோ, தேர்வு எழுதிவிட்டுப் பெயர்ப் பட்டியலின் முன் நிற்கும் பிள்ளையின் நிலைதான்.

அமிருதா 1913-ஆம் ஆண்டு ஜனவரி 30-ஆம் நாள் ஹங்கேரி நாட்டின் தலைநகராகிய புடாபெஸ்டிலே பிறந்தார். தந்தையார் உம்ராவ் சிங் ஷேர்கில், பஞ்சாபின் மஜீதியா வமிசத்துச் சீக்கியப் பிரபு; வடமொழியும் பாரசீகமும் கற்றவர்; புகைப்படம் எடுப்பதிலே மிகுந்த ஈடுபாடு உடையவர். தாயார் மேரி அந்துவானெத் ஹங்கேரியப் பாடகி. மகாராஜா ரஞ்சித் சிங்கின் பேத்தியாகிய பம்பா இளவரசியோடு லாகூருக்கு வந்த இடத்திலே உம்ராவ் சிங்கைச் சந்தித்து மணந்தவர். முதல் உலகப் போர் மூண்டமையால் குடும்பம் ஹங்கேரியிலேயே தங்க நேர்ந்தது. 1921-இல்தான் இந்தியாவுக்கு வந்து சிம்லாவிலே குடியேறினார்கள். கால்காவிலிருந்து சிம்லாவுக்கு ஏறும் மலைப் பாதையிலே சிம்லாவுக்குச் சற்று முன்னதாகச் சம்மர் ஹில் என்றொரு சிறு நிலையம் உண்டு. அவர்கள் இல்லம் அப்பகுதியில்தான் இருந்தது. ரயில்வேக்காரர் ஆதலின் இதனைச் சொல்லாமற் போக நமக்கு மனமில்லை.

இளமையிலேயே அமிருதாவுக்கு வரைவதிலே நாட்டம் இருந்தது. தாய்வழி மாமனாகிய எர்வின் பக்தாய் என்ற அறிஞர் சிம்லாவுக்கு வந்தபோது சிறுமியின் கையைக் கண்டு வியந்து, மனத்திலிருந்து வரைவதை விட்டு, எதிரே அமர்ந்த மனிதரைப் பார்த்து வரையும்படி வழிகாட்டினார். வேலைக்காரர்களும் அண்டை அயலாரும் அவருக்கு மாதிரிகளாக அமர்ந்தனர். 1929-இல், 16-ஆம் வயதிலே, குடும்பத்தோடு பாரிஸ் நகரம் சென்று, அங்கே லூசியன் சிமோன் என்ற ஆசிரியரிடம் பயின்றார். தம் தங்கை இந்திராவையும் ஒரு தோழியையும் வைத்து 1932-இல் அவர் தீட்டிய இளம் பெண்கள் என்ற படத்துக்குப் பாரிஸின் பெரிய கண்காட்சியிலே பொற்பதக்கம் கிடைத்தது. அக்கண்காட்சிச் சங்கத்தின் இணை உறுப்பினராகவும் 1933-இல் தேர்ந்தெடுக்கப்பெற்றார். அப்பொழுது அவருக்கு வயது 20. உலகமெங்குமிருந்து ஓவியர் வந்து குவியும் நகரிலே, ஆயிரக்கணக்கான படங்களின் நடுவே, ஓர் இந்தியப் பெண்ணுக்குக் கிடைத்த சிறப்பு அது.

அவ்வளவும் பெற்றவர் பாரிஸிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் தம்முடைய ஓவியத்துக்கு உரிய களம் இந்தியாவே என்ற எண்ணம் அவர் உள்ளத்திலே வலுத்தது. 1934-இன் இறுதியிலே தாயகம் திரும்பினார். திரும்பியதும் அவர் தூரிகையே மாறிற்று. பாரிஸிலே கற்ற மெருகும் பளபளப்பும் ஒதுங்கின. மலைநாட்டு ஏழை ஆடவர், முக்காடிட்ட பெண்டிர், ஒட்டிய கன்னமும் நீண்ட கைகளும் உடைய மெலிந்த உருவங்கள், அவர்தம் பேசாத துயரம் ஆகியவை படங்களிலே வந்து அமர்ந்தன. உருவத்தைச் சுருக்கி, வேண்டாத விவரங்களை நீக்கி, நிறத்தாலேயே பேசவேண்டும் என்பது அவர் கொள்கையாயிற்று. மலைநாட்டு ஆடவர், மலைநாட்டுப் பெண்டிர், மூன்று பெண்கள் முதலிய படங்கள் எல்லாம் 1935-ஆம் ஆண்டிலே பிறந்தவை.

அந்த 1935-இலேதான் நாம் சொல்லவந்த நிகழ்ச்சி நடந்தது. சிம்லா அக்காலத்திலே வெள்ளை ஆட்சியின் கோடைத் தலைநகரம். வைசிராய் முதல் குமாஸ்தா வரை கோடையிலே அங்கே ஏறிவிடுவர். அங்கிருந்த சிம்லா நுண்கலைச் சங்கம் ஆண்டுதோறும் கண்காட்சி நடத்திவந்தது. உத்தியோகஸ்தர்களும் அவர்தம் மனைவியரும் பொழுதுபோக்காக வரைந்த மலைக்காட்சிகளுக்கு அங்கே மதிப்பு மிகுதி. அமிருதா அக்கண்காட்சிக்குப் பத்துப் படங்களை அனுப்பினார். நடுவர்கள் ஐந்தை ஏற்று ஐந்தைத் திருப்பிவிட்டார்கள். ஏற்றுக்கொண்ட ஐந்தனுள் ஒன்றுக்குப் பரீத்கோட் மகாராஜாவின் பெயரால் அமைந்த பரிசை வழங்கினார்கள்.

மற்றொருவராயின் என் செய்திருப்பார்? திரும்பிய ஐந்தைப் பரணிலே போட்டுவிட்டுப் பரிசை வாங்கிக்கொண்டு வந்திருப்பார். நாமாக இருந்தாலும் அதுவே செய்திருப்போம். இதிலே மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. அமிருதா பரிசைத் திருப்பி அனுப்பினார். கூடவே ஒரு கடிதமும் எழுதினார். சங்கம் விரும்பும் பழம்போக்கு ஓவியத்துக்கு இசைந்த வேறு யாருக்கேனும் அப்பரிசு பொருந்தும் என்றும், தம் படங்களை இனிப் பாரிஸிலே காட்டிக்கொள்வதோடு அமைய வேண்டியதுதான் என்றும் அதிலே பொருள்படக் குறித்தார். 22 வயதுப் பெண் ஒருத்தி, மகாராஜாவின் பெயரால் வந்த பரிசைத் திருப்புவது சிம்லாவின் சிறு உலகிலே சிறிய செய்தியா?

இது செருக்கு அன்றோ என்று நம் நண்பர் இவ்விடத்திலே இடைமறித்தார். நாமும் முதலிலே அவ்வாறே நினைத்தோம். பாரிஸிலே பதக்கம் பெற்றவரின் செருக்கு ஓரளவு அதிலே இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. அவர் நாவும் எழுத்தும் கூர்மையானவை என்பது அவரை அறிந்தோர் எல்லாரும் சொன்ன செய்தி. ஆனால் வேறொன்றையும் எண்ணிப் பார்க்கவேண்டும். பத்துப் படங்களும் ஒரே கையிலிருந்து வந்தவை. அவற்றைத் தீட்டியவருக்கு அவற்றிலே எது தம் நெஞ்சுக்கு அருகிலுள்ளது என்பது தெரியும். நெஞ்சுக்கு அருகிலுள்ளதை வாசலிலே நிறுத்திவிட்டு மற்றொன்றுக்கு மாலையிட்டால், அந்த மாலையை வாங்கிக்கொள்வது நடுவர்களின் பிரிவினைக்குக் கையெழுத்திடுவது போலாகும். இனி நீ இப்படி வரை, அப்படி வரையாதே என்று பரிசு சொல்லாமற் சொல்லும். அமிருதா அஞ்சியது அதற்குத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது. வசவைக் கேட்டு மாறாதவர்கள்கூடப் பரிசை வாங்கி மாறிப்போனதை நாம் காரியாலயத்திலேயே பார்த்திருக்கிறோம்.

ஒன்றை மாத்திரம் நண்பருக்கு அழுத்திச் சொன்னோம். பரிசைத் திருப்பியவர் தூரிகையைத் திருப்பவில்லை. பிற ஊர்களிலே படங்களைக் காட்டுவதையும் நிறுத்தவில்லை.

1936 நவம்பரிலே அவர் நம் பம்பாய் நகருக்கு வந்தார். தாஜ்மஹால் ஹோட்டலிலே, ஓவியர் பாரதா உகீலுடன் சேர்ந்து, தம் படங்களைக் காட்சிக்கு வைத்தார். பம்பாயிலே அவருக்குக் கிடைத்த பெரும்பேறு கார்ல் கண்டாலாவாலாவின் நட்பு. பார்ஸி வகுப்பினராகிய அவர் தொழிலால் வழக்கறிஞர், உள்ளத்தால் கலையறிஞர். அவர் காட்டிய ராஜபுத்திர, பஹாடிச் சிற்றோவியங்களைக் கண்டு அமிருதா மெய்ம்மறந்தார். இந்திய ஓவியத்தின் நிறத்துக்கு உரிய வேர் எங்கே இருக்கிறது என்பதைப் பாரிஸிலே படித்த பெண்ணுக்குப் பம்பாய் வழக்கறிஞர் ஒருவர் காட்டினார் என்பது நம் நகரத்துக்குப் பெருமையல்லவா? அம்மையார் மறைந்த பின்னர் அவரைப் பற்றி நூல் எழுதியவர்களுள்ளும் கண்டாலாவாலா முன்நின்றவர்.

இனிப் பதக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். பம்பாய் ஆர்ட் சொஸைட்டி 1888-இலே தொடங்கப்பெற்றது. நாட்டின் பழைய கலைச் சங்கங்களுள் ஒன்று. அதன் ஆண்டுக் கண்காட்சியிலே கிடைக்கும் பொற்பதக்கத்தை இந்திய ஓவியர்கள் தம் வாழ்நாட் பேறாகக் கருதினார்கள். 1937-இல் அந்தப் பொற்பதக்கம் அமிருதாவின் மூன்று பெண்கள் என்ற படத்துக்கு அளிக்கப்பெற்றது.

அப்படத்தை நாம் அச்சுப் பிரதியிலேதான் கண்டிருக்கிறோம். மூன்று இளம்பெண்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கிறார்கள். ஆடைகளின் நிறம் ஒளி மிக்கது. முகங்களிலே ஒளி இல்லை. ஒருத்தியும் மற்றவளைப் பார்க்கவில்லை. பார்க்கும் நம்மையும் பார்க்கவில்லை. கண்கள் தாழ்ந்திருக்கின்றன. கைகள் வேலையற்று ஓய்ந்து கிடக்கின்றன. பின்புலத்திலே வீடு இல்லை, மரம் இல்லை, வேறு எந்தப் பொருளும் இல்லை. பெண் பார்க்க வருகிறார்கள் என்று சொல்லி உட்கார வைத்திருக்கும் பெண்களைப் போல் இருக்கிறது என்றாள் நம் இல்லத்தரசி. ஓவிய நூல்களைப் படித்து நாம் சொல்ல முயன்றதைக் காட்டிலும் அது நன்றாக இருந்தமையால் இங்கே எழுதுகிறோம்.

கவனிக்க வேண்டியது யாதெனில், இப்படம் தீட்டப்பெற்றது 1935-இல். ஐந்து படங்களைச் சிம்லா திருப்பியதும் அதே 1935-இல். ஒரே கை, ஒரே ஆண்டு, ஒரே போக்கு. மலையிலிருந்த நடுவர் பாதியை விலக்கினர். கடற்கரையிலிருந்த நடுவர் பொன்னை அளித்தனர். இருவருள் யார் கண் நல்ல கண் என்று இன்று நமக்குத் தெரியும். ஆனால் அன்று சிம்லாவிலே அமர்ந்திருந்தவர்களும் தம் கண்ணைக் குறைவாக நினைத்திருக்க மாட்டார்கள்.

பம்பாய்க் காட்சி முடிந்தபின் அவர் தெற்கு நோக்கிப் பயணம் செய்தார். அஜந்தாவும் எல்லோராவும் கண்டார். ஹைதராபாத்திலே ஒரு வேடிக்கை நடந்ததாகச் சொல்லுவர். பெருஞ்செல்வரும் அரும்பொருள் சேர்ப்பவருமாகிய சாலார் ஜங், அமிருதாவின் படங்கள் இரண்டை வாங்கும் எண்ணத்தோடு எடுத்து வைத்துக்கொண்டு, தம் சேகரிப்பைக் காட்டி அவர் கருத்தைக் கேட்டாராம். அம்மையாரோ அதிலே பெரும்பகுதி குப்பை என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டாராம். படங்கள் இரண்டும் திரும்பி வந்தன. வாங்க வந்தவரிடம் இப்படிப் பேசலாமா என்று கேட்டால் நமக்கும் விடை தெரியாது. அம்மையாருக்கு அப்பொழுது பணம் தேவைப்படாமல் இல்லை.

கொச்சியிலே மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன் அமர்ந்து அவற்றைப் பார்த்து வரைந்தார். திருவனந்தபுரம், கன்னியாகுமரி ஆகிய இடங்களையும் கண்டார். கன்னியாகுமரியிலே பழம் விற்பவர்களை வரைந்தார். வெயிலிலே கறுத்த உடலும் வெள்ளை வேட்டியும் செம்மண்ணும் அவர் கண்ணிலே புகுந்தன. சிம்லாவுக்குத் திரும்பிய பின்னர், 1937-இலேயே, தென்னாட்டை நினைந்து மூன்று பெரும் படங்கள் தீட்டினார்: மணமகளின் அலங்காரம், பிரம்மசாரிகள், சந்தைக்குச் செல்லும் தென்னாட்டுக் கிராமத்தார். பிரம்மசாரிகள் படத்திலே திறந்த மார்பும் பூணூலும் வெள்ளை வேட்டியுமாக ஐந்து இளைஞர் அமர்ந்திருக்கிறார்கள். ஆவணி அவிட்டத்தன்று மாட்டுங்காவிலே காலையில் காணும் காட்சி அது. ஹங்கேரியிலே பிறந்து பாரிஸிலே பயின்று சிம்லாவிலே வாழ்ந்த ஒரு சீக்கியப் பெண்மணி, நம் வீட்டுத் திண்ணையிலே உட்கார்ந்து பார்த்தவர்போல் நம்மவரை வரைந்து வைத்திருக்கிறார். இம்மூன்றும் அவருடைய மிகச் சிறந்த படங்கள் என்பது கலையறிஞர் பலரின் முடிபு.

பின்னைய வாழ்வு சுருக்கமானது. 1937 நவம்பரிலே லாகூரில் அவர் வைத்த தனிக் கண்காட்சி பெரிதும் பாராட்டப்பெற்றது. 1938-இல் ஹங்கேரி சென்று, தாய்வழி உறவினரான மருத்துவர் விக்டர் ஈகனை மணந்தார். இரண்டாம் உலகப் போர் நெருங்கிய வேளையிலே, 1939-இல், இருவரும் இந்தியா திரும்பி, கோரக்பூர் மாவட்டத்திலே சராயா என்னுமிடத்தில், ஷேர்கில் குடும்பத்தாரின் சர்க்கரை ஆலையை அடுத்து வாழ்ந்தனர். கணவர் அங்கே மருத்துவம் பார்த்தார். அம்மையார் யானைகளையும் கிராமப் பெண்களையும் வரைந்தார். கேட்பாரும் காண்பாரும் இல்லாத அந்த ஊரிலே மனச்சோர்வு அவரைப் பலமுறை பற்றியது.

1941 செப்டம்பரிலே இருவரும் லாகூருக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே மீண்டும் ஒரு தனிக் கண்காட்சிக்கு ஏற்பாடாயிற்று. டிசம்பர் மாதத் திறப்புக்குச் சில நாட்களே இருந்தபோது அம்மையார் திடீரென நோயுற்றார். டிசம்பர் 5-ஆம் நாள் இரவு உயிர் பிரிந்தது. வயது 28. மாடியிலிருந்து தெரிந்த எருமைகளையும் வீடுகளையும் அவர் தீட்டிக்கொண்டிருந்த படம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கண்காட்சி அம்மாதத்திலேயே நடந்தது. அழைத்தவர் இல்லாத மண்டபத்திலே படங்கள் மட்டும் தொங்கின.

பிற்காலத்திலே தந்தையார் பல படங்களை நாட்டுக்கு அளித்தார். டில்லியிலே 1954-இல் திறக்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடத்திலே அவர் படங்களின் பெரும்பகுதி இன்று இருக்கிறது; மூன்று பெண்கள் படமும் அங்கேயே உள்ளது. 1976-இல் அவருடைய படைப்புக்கள் தேசியக் கலைச் செல்வம் என அறிவிக்கப்பெற்றன. அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோய் விற்க இயலாது. 1978-இல் மலைநாட்டுப் பெண்டிர் படம் தபால் தலையாக வந்தது. 2023 செப்டம்பரிலே, அவர் 1937-இல் தீட்டிய கதை சொல்பவர் என்ற படம் டில்லியில் நடந்த ஏலத்திலே 61.8 கோடி ரூபாய்க்குப் போயிற்று. இந்திய ஓவியம் ஒன்றுக்கு அதுவரை கிடைத்தவற்றுள் அதுவே மிகப் பெரிய தொகை. வாழ்ந்த நாளிலே படங்கள் விற்காமல் வருந்தியவர் அவர். இத்தொகையைப் பத்திரிகையிலே படித்தபோது, எத்தனை பூஜ்யம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம்.

இவ்வளவையும் ஒரே மாலையிலே சொல்லவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. இரண்டாம் வாரம் முதல் பையனும் வந்து வாசற்படியில் உட்கார்ந்து கேட்டான். தேர்வை எழுதுவதா, ஓவியத்தைத் தொடர்வதா என்பதற்கு நாம் இறுதிவரை விடை சொல்லவில்லை. சொல்லும் உரிமை நமக்கு இல்லை. திரும்பி வந்த இரண்டு படங்களைக் காட்டச் சொன்னோம். ஒன்று தாராவிக் குயவர்கள் சூளையடுக்கும் காட்சி. மற்றது அவன் பாட்டி அரிவாள்மணையிலே வாழைத்தண்டு நறுக்கும் காட்சி. குயவர் படம் நமக்குப் பிடித்தது. பாட்டி படத்திலே கை ஏன் இவ்வளவு நீளம் என்று கேட்டோம். அப்படித்தான் தெரிந்தது என்று சொல்லித் தலையைக் குனிந்துகொண்டான்.

நண்பர் இவ்வாண்டு தமக்குரிய பயணச் சலுகைச் சீட்டை வழக்கம்போல் ஊருக்கு எழுதாமல் டில்லிக்கு எழுதி வாங்கியிருக்கிறார். தகப்பனும் மகனும் பஞ்சாப் மெயிலிலே செல்கிறார்கள். கலைக்கூடம் திங்கட்கிழமை மூடியிருக்கும் என்று கேள்விப்பட்டு, செவ்வாய்க்கிழமை காலையிலே போய்ச் சேரும்படி முன்பதிவு செய்து கொடுத்தோம். பாட்டி படத்தைக் கட்டிலடியிலிருந்து எடுத்துத் தூசு தட்டி, சட்டத்தின் மூலையிலே பெயர்ந்திருந்த ஆணியை அடித்துவிட்டுத்தான் பையன் கிளம்புகிறான்.